சூட்கேசில் வந்த மா: ஓர் உணவு மாற்று ஷேக் நிகழ்வு ஆய்வு

ஆள்: 46 வயது ரீச்சர், கொக்குவில் பக்கம். உயரம் 154 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றர். சலரோகம் கண்டுபிடித்து மூன்று வருடம். காலையும் மாலையும் மெட்ஃபோமின், காலையில் கிளிக்லசைட், பிரஷருக்கு லொசார்டன். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) 8.1. கிளினிக் கொப்பியில் பல பக்கங்களில் 'நிறை குறைக்கவும்' என்று எழுதியிருக்கிறது. எப்படிக் குறைப்பது என்று ஓரிடத்திலும் இல்லை. வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கும்போது அதை எழுத நேரம் கிடைப்பதுமில்லை.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ரீச்சர் தனி ஒருவரல்லர். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக மாவைக் கரைத்துக் குடிக்கும் ஷேக்கால் நிறை குறைக்க முயன்ற சிலருடைய கதைகளைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி ஒருவராக்கியிருக்கிறேன். அவருடைய நிறையும் இரத்த எண்களும் விளக்கத்துக்கான மாதிரிகள். மருந்துகள், வெளிநாட்டு ஆய்வுகள், உணவுக் கணக்கு ஆகியவற்றில் மாற்றம் எதுவும் செய்யவில்லை.

ரீச்சரின் நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 31 வருகிறது. ஐரோப்பியர்களுக்கு 25க்கு மேல் அதிக நிறை, 30க்கு மேல் உடற்பருமன் என்பது கணக்கு. ஆசிய மக்களுக்கு ஆபத்து இதைவிடக் கீழேயே தொடங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கைப் புள்ளிகளாக முன்வைத்தது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். நம்மவர்கள் கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னுக்கு வந்த நிலையிலேயே சலரோகத்துக்கு ஆளாகிறார்கள், அதனால்தான் இந்தக் கணக்கு. ஆக, ரீச்சர் நிறை குறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

லண்டனில் இருந்து வந்தது

ரீச்சரின் அண்ணர் லண்டனில். அவருக்கும் சலரோகம். அங்குள்ள அரச சுகாதார சேவையான என்எச்எஸ் அவரை ஒரு திட்டத்தில் சேர்த்தது. 12 வாரம் சாதாரணச் சாப்பாடு கிடையாது. ஷேக், சூப் போன்றவைதான், ஒரு நாளைக்கு 800 முதல் 900 கலோரி வரை. அதன்பின் சில வாரங்களில் சாப்பாட்டை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவருவார்கள். மொத்தம் ஒரு வருடம் ஆலோசகர் ஒருவர் கூடவே இருப்பார். அண்ணருக்கு 14 கிலோ இறங்கியது, குளிசை நின்றது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது தங்கச்சிக்கு எட்டு ரின் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, சோத்தை விட்டுட்டு இதைக் குடி. மூண்டு மாதத்தில குளிசை எல்லாம் விடலாம்" என்றார். சொன்னவர் தானே அனுபவித்து, கண்ணால் கண்டு சொல்கிறார். ரீச்சர் நம்பினார். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

ஆனால் சூட்கேசில் வந்தது மா மட்டும். அந்த மாவைத் தொட முதல் அண்ணரின் மருந்துப் பட்டியலைத் திருத்திய வைத்தியர், கிழமைக்குக் கிழமை நிறை கேட்ட ஆலோசகர், சாப்பாட்டுக்குத் திரும்பும் அட்டவணை எல்லாம் லண்டனிலேயே நின்றுவிட்டன. இந்த நிகழ்வில் பின்னால் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் இந்த ஒன்றிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

திருவிழாவின் 25 நாளும் வீட்டில் சைவம், விருந்தினர், மோதகம், பாயசம். தேர், தீர்த்தம் முடிந்து அண்ணர் விமானம் ஏறியபின் ரீச்சர் தொடங்கினார். காலையும் மதியமும் ஷேக், இரவு வீட்டுச் சாப்பாடு. அண்ணர் முழுச் சாப்பாட்டையும் மாற்றியவர். ரீச்சர் இரண்டு வேளையை மட்டும் மாற்றினார். இது அவருடைய சொந்த முடிவு, கெட்ட முடிவும் அல்ல. இரண்டு வேளைக்கு ஷேக், ஒரு வேளைக்கு அளவான சாப்பாடு என்பது ஐரோப்பிய ஒன்றியமே நிறை குறைப்புக்கென்று விளம்பரம் செய்ய அனுமதிக்கும் முறை. ஒரு வேளை ஷேக்கில் 200 முதல் 250 கலோரி இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

குசினியில் நடந்தது

முதல் காலையே மா கட்டிபட்டது. கரண்டியால் கலக்கிப் பார்த்து, பிறகு பழைய ஜாம் போத்தலில் போட்டு மூடிக் குலுக்கினார். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், வனிலா வாசத்தோடு அது சேரவில்லை. ஆறவைத்த கொதிநீரில் கலக்கிய பிறகுதான் தொண்டையால் இறங்கியது.

இதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வெறுந் தண்ணியிலயோ பிள்ளை கரைச்சுக் குடிக்கிறாய்? இதென்ன பத்தியமே?" என்று கேட்டவர், அடுத்த நாளிலிருந்து மகளுக்கு முதல் எழும்பி ஷேக்கைத் தானே கலக்கினார். அதில் முழு ஆடைப் பால்மா இரண்டு கரண்டி குவித்துப் போட்டார். ருசிக்குச் சீனி இரண்டு தேக்கரண்டி. மகள் பசியோடு பள்ளிக்கூடம் போகக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

கணக்கைப் பாருங்கள். பால்மா 20 கிராம் என்றால் ஏறத்தாழ 100 கலோரி. இரண்டு தேக்கரண்டி சீனி 40 கலோரியாவது வரும். 210 கலோரி ஷேக் 350 ஆகிவிட்டது. ஆனாலும் பழைய காலைச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் இதுவும் குறைவுதான். புட்டும் சம்பலும் வாழைப்பழமும் என்று வயிறு நிறையச் சாப்பிட்டவர் அவர். அதனால் அம்மா கலக்கிய ஷேக்கிலும் நிறை இறங்கியது. முதல் பத்து நாளில் மூன்று கிலோ. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம்.

அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் நாம் சேமித்துவைத்திருக்கும் மாச்சத்து, தன் நிறையைப் போல மூன்று மடங்கு தண்ணீரையாவது சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். சோறு, புட்டு, பாண் குறைந்ததும் அது கரைந்து தண்ணீரும் போய்விடும். எந்த டயட்டிலும் முதல் கிழமை இப்படித்தான். 'பத்து நாளில் மூன்று கிலோ' என்று விற்பவர்கள் பொய் சொல்லவில்லை, அடுத்த பத்து நாளைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் கைவண்ணம் இரண்டாம் கிழமை தெரியவந்தது. ரீச்சர் சிரித்துக்கொண்டே போத்தலைத் திரும்பத் தன் கையில் எடுத்தார். அடுத்த பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி

வழமைபோலக் காலையில் மெட்ஃபோமினும் கிளிக்லசைட்டும் போட்டார். ஷேக்கை இந்தத் தடவை தண்ணீரில் மட்டும் கலக்கிக் குடித்தார். முதலாம், இரண்டாம் பாடம் சரி. மூன்றாம் பாடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கை நடுங்கி வெண்கட்டி விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தவருக்குத் தான் எழுதிய வரியே விளங்கவில்லை. முதுகில் பிளவுஸ் நனைந்திருந்தது. பின்வாங்கில் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள், முன்வாங்குப் பிள்ளை ஒன்று பக்கத்து வகுப்புக்கு ஓடியது.

பக்கத்து வகுப்பு ரீச்சரும் சலரோகக்காரர், அதுதான் அதிர்ஷ்டம். வந்து பார்த்ததும் கதிரையில் இருத்தி, ஒரு கப் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். பிறகு கைப்பையிலிருந்த குளுக்கோமீற்றரால் விரலில் குத்திப் பார்த்தார். 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சீனி. பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பக் குத்தினார். 84. இப்படிக் கொடுத்து, பொறுத்திருந்து, திரும்பப் பார்ப்பதுதான் சரியான முறை. சீனி ஏறியபின் அடுத்த சாப்பாடு நேரமிருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு துண்டு பாணோ கொடுக்க வேண்டும். அதையும் அவர் செய்தார்.

அன்று பின்னேரம் வீட்டில் தீர்ப்பு வந்தது: மா கூடாது. அம்மா ரின்னைத் தூக்கி அலுமாரியின் மேல் தட்டில் வைத்தார்.

மாவில் பிழையில்லை. கிளிக்லசைட் என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மூன்று வருடமாகப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அளந்து கொடுத்த மருந்து, 20 கிராம் அளவு மாச்சத்துள்ள ஷேக்கோடு சேர்ந்தபோது சீனியைத் தரைக்கு இறக்கிவிட்டது. அம்மாவின் பால்மாவும் சீனியும் இருந்தவரை அது தெரியாமல் மறைந்திருந்தது. கிளிபென்கிளமைட், தொல்பியூட்டமைட் போன்ற மருந்துகளுக்கும் இன்சுலின் ஊசிக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபோமினைத் தனியே எடுப்பவர்களுக்கு இப்படி ஆவது அரிது.

லண்டனில் அண்ணருக்கு ஷேக் தொடங்கிய அன்றே சலரோகக் குளிசையை நிறுத்தியிருக்கிறார்கள், பிரஷர் குளிசையையும் திருத்தியிருக்கிறார்கள். கேட்டபோது, "ஓம், அது முதலே நிப்பாட்டினவங்கள்" என்று தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்னார். மறைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. மூன்று மாதம் பசியோடு போராடியவருக்கு ஷேக்தான் நினைவில் நிற்கும், மருந்துச் சீட்டில் வைத்தியர் போட்ட கோடா நிற்கும்?

அடுத்த கிளினிக்கில் வைத்தியர் கிளிக்லசைட்டை நிறுத்தினார், மெட்ஃபோமினை விட்டுவைத்தார். சில கிழமை கழித்து எழும்பி நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று சொன்னதும் லொசார்டனைப் பாதியாக்கினார். "குடிக்கிறதெண்டால் குடியுங்கோ ரீச்சர். ஆனா தொடங்க முதல் எனக்கொரு சொல் சொல்லியிருக்க வேணும்" என்றாராம். ஏச்சு விழும் என்று பயந்துதான் பலர் கிளினிக்கில் வாய் திறப்பதில்லை. இங்கே ஏச்சு விழவில்லை.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன

ஷேக் டயட்டை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011இல் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் ரோய் டெய்லர் குழுவினர் 11 சலரோகக்காரருக்கு எட்டுக் கிழமை நாளுக்கு 600 கலோரி அளவில் ஷேக்கும் மரக்கறியும் கொடுத்தார்கள். ஒரு கிழமைக்குள்ளேயே வெறுவயிற்றுச் சீனி வழமைக்குத் திரும்பியது. ஈரலில் படிந்த கொழுப்பு முதலில் கரைகிறது, கணையத்தில் படிந்தது பின்னால் குறைகிறது, இன்சுலின் சுரப்பு மீள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அதன்பின் வந்தது டைரக்ட் என்ற பெரிய ஆய்வு. ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைட் பகுதியிலும் 306 பேர், எல்லோரும் சலரோகம் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி. 2017இல் வெளியான முடிவின்படி ஒரு வருடத்தில் ஷேக் குழுவில் 46 வீதத்தினருக்கு மருந்தில்லாமலே சீனி சலரோக அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 வீதம். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 வீதம். சலரோகம் வந்தால் வந்ததுதான், ஆயுளுக்கும் குளிசைதான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது சின்ன விசயமல்ல.

ஆனால் அதே ஆய்வின் அடுத்த வருடங்களையும் வாசிக்க வேண்டும். இரண்டாம் வருடம் 46 வீதம் 36 ஆகிவிட்டது. ஐந்தாம் வருடம், தொடர்ந்து ஆதரவு பெற்றுவந்தவர்களிலேயே 13 வீதம்தான். நிறை திரும்பியவர்களுக்குச் சலரோகமும் திரும்பியது. இன்னொன்று, அதில் பங்குபற்றியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். நம்மவர் உடலுக்கு அப்படியே பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. என்எச்எஸ் பிறகு தன் திட்டத்தில் எல்லா இனத்தவரையும் சேர்த்தது, ஆசியருக்கு நிறை வரம்பையும் குறைத்தது. அங்கே முழுத் திட்டத்தையும் முடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒரு வருடத்தில் மீண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய லுக் அஹெட் ஆய்வு 5,000க்கு மேற்பட்ட சலரோகக்காரரைச் சேர்த்தது. உணவு மாற்றுப் பானங்களும் உடற்பயிற்சியும் ஆலோசனையும் கலந்த முறை. முதல் வருடத்தில் சராசரி நிறைக் குறைவு 8.6 வீதம், ஆய்வு முடியும்போது 6 வீதம். மாரடைப்பும் பாரிசவாதமும் அதனால் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு அதைக் காட்டவில்லை. மருந்துத் தேவை, மூச்சுத்திணறும் உறக்கம், நடமாட்டம் போன்றவற்றில் நன்மை இருந்தது. இதய நோயைத் தடுக்கத்தான் ஷேக் குடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஆதாரம் இன்னும் கைக்கு வரவில்லை.

ரின்னின் முதுகுப் பக்கம்

பாமசியில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ரின்களில் குறைந்தது நான்கு சாதி உண்டு. உணவு மாற்று ஷேக் ஒன்று. ஜிம் பெடியன்கள் குடிக்கும் புரத மா இன்னொன்று. மெலிந்தவர் நிறை போடக் குடிக்கும் மா வேறு. நோயாளிகளுக்கும் வயோதிபர்களுக்கும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கும் சத்துமா வேறு. இந்தக் கடைசி வகையில் 'சலரோகத்தினருக்கு' என்று எழுதியதும் இருக்கிறது. அதன் பொருள், சீனியை மெதுவாக ஏற்றும் என்பதுதான். நிறை குறைக்கும் என்று அதில் எங்கும் இல்லை. சோற்றைச் சாப்பிட்டு அதற்கு மேல் அதையும் குடித்தால் நிறை கூடும். 'சலரோகப் பால்' குடித்து நிறை கூடியவர்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினால் எங்கள் ஒழுங்கையிலேயே கொப்பி நிறைந்துவிடும்.

உணவு மாற்று என்று சொல்லத் தகுந்ததற்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் தரம் ஒன்று 1991 முதல் இருக்கிறது. ஒரு வேளைக்கு 200 முதல் 400 கலோரி. அந்தச் சக்தியில் கால் பங்காவது, அதிகபட்சம் அரைப்பங்கு, புரதத்திலிருந்து. கொழுப்பு 30 வீதத்துக்கு மிஞ்சக்கூடாது. விற்றமின்களும் தாதுக்களும் குறித்த அளவில். ரின்னைத் திருப்பி ஒரு வேளைக்கான அளவில் புரதம் 15 கிராமாவது இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி ரின்கள் கழிந்துபோகும். உட்பொருட் பட்டியலில் சீனியோ, சீனியைப் போலவே வேகமாக ஏறும் மாப்பொருளான மோல்ட்டோடெக்ஸ்ட்ரினோ முதல் இடத்தில் நின்றால் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை.

புரதத்தின் தரம் விளையாட்டல்ல. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த கொலாஜன் நீரை மட்டும் குடித்து மெலிய முயன்ற ஏறத்தாழ 60 பேர் இறந்தார்கள். பலருக்கு இதயத் துடிப்பு திடீரெனக் குழம்பியது. இன்றைய நல்ல ஷேக்குகள் அப்படிப்பட்டவை அல்ல. ஆனால் வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் 'முன், பின்' படம் காட்டி விற்பவர், அதை விற்க உங்களையும் ஆளாகச் சேரச் சொல்பவர், உட்பொருட் பட்டியலைக் கேட்டால் பேச்சை மாற்றினால், வாங்காமல் விடுங்கள். ரீச்சர் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்தார். சொந்தக்காரர்தான், அதனால்தான் 'இல்லை' என்று சொல்லக் கஷ்டம்.

நான்கு மாதம்

மருந்து திருத்தப்பட்ட பிறகு வண்டி நேராக ஓடியது. மார்கழி முடிவில் நிறை 66, இடுப்பு 90. எச்பிஏ1சி 6.4. அண்ணர் "சுகமாயிட்டுது" என்றார். மருந்து இல்லாமல் மூன்று மாதமாவது 6.5க்குக் கீழே நின்றால்தான் மீட்சி என்பது 2021இல் சர்வதேச நிபுணர்கள் ஒத்துக்கொண்ட வரையறை. ரீச்சர் மெட்ஃபோமினோடு நிற்கிறார். நல்ல கட்டுப்பாடு, மீட்சி அல்ல.

இதற்கிடையில் மலச்சிக்கல். நார்ச்சத்துக்கு இசப்கோலும், இரவில் இரண்டு கை நிறையக் கீரையும், போதிய தண்ணீரும் அதைச் சரிக்கட்டின. மூன்றாம் மாதம் முழுகும்போது தலைமயிர் கை கையாக வந்தது. நிறை வேகமாக இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி ஆவதுண்டு, பெரும்பாலும் திரும்ப வளரும். அதை அவருக்கு முதலே யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டார். பித்தப்பைக் கல் இன்னொரு ஆபத்து. நிறை வேகமாகக் குறைவதோடு கொழுப்பே இல்லாத உணவும் சேர்ந்தால் கூடும். வலது விலாவுக்குக் கீழே கடும் நோவு வந்தால் வாயு என்று இஞ்சி அவித்துக் குடித்துக்கொண்டு இருக்கக்கூடாது. ரீச்சருக்கு அது வரவில்லை.

சனத்தின் வாய்தான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கொடுத்தது. "என்ன ரீச்சர், ஏதும் வருத்தமோ? நல்லா வத்திப்போனியள்" என்று கோயில் வீதியில் கேட்காதவர் இல்லை. நம் ஊரில் மெலிந்தால் வருத்தம், அல்லது வீட்டில் பிரச்சினை. ஆசிரியர் அறையில் பிறந்தநாள் கேக்கும் ரோல்ஸும் வரும்போது ஷேக் போத்தலோடு இருப்பவர் எல்லோர் கண்ணிலும் படுவார். அதில் ஒரு நன்மையும் இருந்தது. 'நான் டயட்' என்று சொன்னால் "ஒரு துண்டு தானே" என்று கையில் திணிப்பார்கள், போத்தலைக் காட்டினால் விட்டுவிடுகிறார்கள்.

ஷேக் வேலை செய்த காரணமும் அதுவே. மாவில் மாயம் இல்லை. காலை ஆறு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் எவ்வளவு சாப்பிடுவது என்ற கேள்வியே எழவில்லை. அளவை ரின்னுக்குள் கிடந்த கரண்டி தீர்மானித்துவிட்டது. சோற்றுக் கோப்பைக்கு அப்படி ஒரு கரண்டி நம் வீடுகளில் இல்லை. அம்மா போடுவார், போதும் என்று சொன்ன பிறகும் ஓர் அகப்பை போடுவார்.

ரின் முடிந்த பிறகு

தைப்பொங்கலுக்குச் சில நாள் முதல் கடைசி ரின் முடிந்தது. திரும்ப அனுப்பட்டுமா என்று அண்ணர் கேட்டார், தபால் செலவைக் கேட்டுவிட்டு ரீச்சரே வேண்டாம் என்றார். இங்கே இறக்குமதி ரின்னை மாதாமாதம் வாங்குவதும் ஓர் ஆசிரியர் சம்பளத்தில் எளிதல்ல. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் அந்த வருடமே 360ஐத் தாண்டியது. வெளிநாட்டு மா எதற்கும் அதன்பின் பழைய விலை இல்லை. பாமசியில் விலை குறைந்ததைத் தேடிப்போய், நோயாளிகளுக்கான சத்துமாவை வாங்கி வந்தார். பொங்கல், பிறகு ஒரு கலியாணம், ஒரு சாமத்திய வீடு. காலையில் இடியப்பமும் சொதியும் திரும்ப வந்தன, சத்துமா அதோடு சேர்ந்துகொண்டது. சித்திரைப் புத்தாண்டுக்கு நிறை 70.

என்னிடம் வந்தது அப்போதுதான். திரும்பவும் ஷேக் தொடங்கட்டுமா என்றுதான் கேட்டார். ஷேக்கின் வேலையை வீட்டுச் சாப்பாட்டால் செய்ய முடியுமா என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

சிலர் இந்த இடத்தில் கூழைப் பரிந்துரைக்கிறார்கள். நம்முடைய பாரம்பரிய ஷேக் அதுதான் என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒடியல் கூழ் அருமையான சாப்பாடு: மீன், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் உள்ளே. ஆனால் கூழ் குடிக்கும்போது எத்தனை பிளா (பனையோலைக் கோப்பை) என்று கணக்கு வைப்பவரை நான் இன்னும் காணவில்லை. குரக்கன் கஞ்சியும் அப்படித்தான். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கிறது, புரதம் ஏழு கிராம்தான். பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் சத்துமாவும் மாச்சத்து மிகுந்தது, நிறை போட வேண்டியவர்களுக்கு நல்லது.

நாங்கள் எடுத்தது கடலை. அவித்த கொண்டைக்கடலை ஒரு கப், அதாவது 160 கிராம் அளவில், 270 கலோரியும் 14 கிராம் புரதமும் தரும். ஓர் அவித்த முட்டை 70 கலோரி, ஆறு கிராம் புரதம். இரண்டும் சேர்ந்து 340 கலோரி, 20 கிராம் புரதம், ஷேக்கை விடக் கூடுதல் நார்ச்சத்து. பக்கத்தில் வல்லாரைச் சம்பல், தேங்காய்ப்பூ ஒரு கரண்டிக்கு மேல் இல்லை. வெள்ளிக்கிழமையும் விரத நாளும் முட்டைக்குப் பதில் கொழுப்பு நீக்கிய தயிர் அல்லது சோயா. இது காலைக்கு. மதியத்துக்குப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் பெட்டியில் குத்தரிசிச் சோறு ஒரு தேநீர்க் கோப்பை. அதே கோப்பை, வேறு கோப்பை இல்லை. மிச்ச இடத்துக்கு மரக்கறியும் மீனும். ரின் கரண்டியின் வேலையை அந்தக் கோப்பையிடம் கொடுத்தோம்.

கடலையை முதல் நாள் இரவு ஊறப்போட மறந்தால் அடுத்த நாள் திட்டம் குழம்பும். ஷேக்கின் வசதி அதில் தெரிகிறது, மறுக்கவில்லை. ஐந்தே நிமிடம், எங்கும் கொண்டுபோகலாம், விற்றமின் கணக்கும் சரி. நேரமில்லாத காலைகளுக்காக ஒரு நல்ல ரின்னை வீட்டில் வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

யாருக்குச் சரி, யாருக்கு வேண்டாம்

சலரோகம் வந்து சில வருடமே ஆனவர், நிறை கூடியவர், கிளினிக்கில் வாய்விட்டுக் கதைக்கக்கூடியவர், இரண்டு மூன்று மாதத்துக்கான மாவை மட்டுமல்லாமல் அதன்பின் சாப்பிடப்போகும் சாப்பாட்டையும் முன்கூட்டியே தீர்மானித்தவர்: இவருக்கு ஷேக் நல்ல தொடக்கம். வீட்டில் சமைப்பவரும் கூட இருந்து கதை கேட்டிருந்தால் இன்னும் நல்லது. பால்மாவும் சீனியும் தப்பும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டோடு ஏற்கெனவே மனப்போராட்டம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஷேக்கிலுள்ள புரதமும் பொட்டாசியமும் பாரம். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர்களுக்கு அதிலுள்ள விற்றமின் கே மருந்தின் அளவைக் குழப்பும். எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சலரோகக் குளிசைகளை எடுப்பவர்கள் மாச்சத்தைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சீனி பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் கூடி நஞ்சாகும் ஆபத்து உண்டு. இன்சுலின் போடுபவர் வைத்தியர் இல்லாமல் தொடங்குவது, பள்ளிக்கூடத்தில் நடந்ததைவிட மோசமாக முடியலாம். பால் ஒத்துவராதவருக்கு வயிறு ஊதும். நம்மில் அப்படிப்பட்டவர் நிறையப் பேர், பால் சாராத வகைகளும் கிடைக்கின்றன.

இன்றைய நிலை: தொடங்கி ஒரு வருடம் தாண்டி ரீச்சர் 68 கிலோ. எச்பிஏ1சி 6.8, மெட்ஃபோமின் மட்டும், லொசார்டன் பாதி. தொடங்கியதைவிட ஆறு கிலோ குறைவு, அதாவது எட்டு வீதம். அண்ணரோடு ஒப்பிட்டு அவர் இதைத் தோல்வி என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை, வைத்தியரும் நினைக்கவில்லை.

வைத்தியருக்கும் எனக்கும் ஒரு விசயத்தில் உடன்பாடில்லை. டைரக்ட் ஆய்வில் நிறை திரும்ப ஏறியவர்களைச் சில கிழமைக்கு மீண்டும் ஷேக்குக்கு அனுப்பினார்கள். ரீச்சருக்கும் அப்படி ஒரு கோடு போட வேண்டும் என்பது என் எண்ணம். வைத்தியர், திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதைவிட நின்ற இடத்தில் நிற்பது மேல் என்கிறார். ரீச்சர் இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் '70' என்று எழுதி வட்டமிட்டார். சனிக்கிழமை காலை நிறை அதைத் தாண்டினால் இரண்டு கிழமைக்குக் காலையும் மதியமும் ஷேக், தொடங்கும் முன் வேலைநாளில் கிளினிக்குக்கு ஓர் அழைப்பு. அதை எழுதியபின் இதுவரை அதிகம் ஏறியது 69.3, நல்லூர்த் தேருக்கு அடுத்த கிழமை.